தேன் கணக்கும் மகரந்தக் கணக்கும்: கல்கத்தா எண்ணாமல் விட்ட தேனீக்களின் வரலாறு

கரியாஹாட் என்ற பெயருக்குள்ளேயே ஒரு சந்தை இருக்கிறது. வங்காள மொழியில் ‘ஹாட்’ என்றால் சந்தை. தெற்குக் கொல்கத்தாவின் அந்த நாற்சந்தியை ஒட்டிய காய்கறிக் கடைகளில் பருவத்துக்கேற்ப வந்து குவிபவை பூசணி, பாகல், பீர்க்கு, கத்தரி, வடநாட்டார் பர்வல் என்றும் வங்காளியர் பட்டோல் என்றும் சொல்லும் கொடிக்காய் ஆகியன. வங்காளச் சமையலின் உயிரான கடுகெண்ணெயும் அங்கே உண்டு. இவற்றுள் எதுவும் காற்றை மட்டும் நம்பி விளைவதில்லை. பூசணியிலும் பாகலிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பட்டோலில் ஆண்கொடியே வேறு, பெண்கொடியே வேறு. கத்தரிப்பூவின் மகரந்தம் மூடிய பைக்குள் அடைபட்டிருக்கிறது. கடுகு தானாகவும் ஓரளவு காய்க்கும்; ஆயினும் தேனீ வந்தால் விளைச்சல் கூடுகிறது. ஆக, அச்சந்தையின் பெரும்பகுதி பூச்சிகள் செய்த வேலையின் பயன்.

அந்தச் சந்தையிலிருந்து சிறிது தொலைவில், தாரக்நாத் பாலித்தின் கொடையால் உருவான கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலிகஞ்ச் அறிவியல் கல்லூரி இருக்கிறது. அங்கு விலங்கியல் துறையைச் சேர்ந்த பார்த்திப பாசு தலைமையிலான குழு 2010இல் ஒரு முடிவை வெளியிட்டது. இந்தியக் காய்கறிகளின் 45 ஆண்டு விளைச்சல் விவரங்களை அவர்கள் இரண்டாகப் பிரித்தனர். மகரந்தம் கடத்தும் பூச்சிகளை நம்பும் பயிர்கள் ஒருபுறம். நம்பாத பயிர்கள் மறுபுறம். பின்னவற்றின் விளைச்சல் தொடர்ந்து ஏறியது. முன்னவற்றின் விளைச்சலோ 1990களின் தொடக்கத்துக்குப் பின் தேங்கியது, சிலவற்றில் சரிந்தது. நீர், உரம், விதை ஆகியவை இரு வகைப் பயிர்களுக்கும் கிடைத்தன. ஒரு வகை மட்டும் பின்தங்கியதற்குப் பூச்சிகளின் குறைவு காரணமாகலாம் என்பது அவர்கள் வாதம். அவ்வாண்டு பிரித்தானியச் சூழலியல் கழகத்தின் லீட்ஸ் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட இந்த ஆய்வு செய்தித்தாள்களிலும் இடம்பெற்றது.

வரலாற்று மாணவர் இங்கே கவனிக்க வேண்டியது முடிவை மட்டுமன்று, அதை அடைந்த வழியையும்தான். தேனீக்கள் குறைந்தனவா என்ற கேள்விக்கு விடை தேடிய ஆய்வாளர்கள் தேனீக்களை எண்ணிய பதிவுகளைத் திறக்கவில்லை. காய்கறிகளின் எடையைத்தான் எடுத்தனர். காரணம் எளிது. காட்டுத் தேனீக்களை ஆண்டுதோறும் எண்ணிய நீண்டகாலப் பதிவு இந்தியாவில் இல்லை. ஐரோப்பியத் தாவரவியல் தோட்டமும், ஆசியாவின் பழைமையான அருங்காட்சியகங்களுள் ஒன்றும், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தலைமையகமும் அமைந்த ஒரு நகரத்தில் இந்த எண்ணிக்கை ஏன் இல்லாமற்போயிற்று? இந்தக் கேள்வியின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருக்கிறது.

அறிவுக்குறைவு இதற்குக் காரணமன்று. மகரந்தச்சேர்க்கை பற்றிய அக்கால ஆய்வின் நடுவிலேயே கல்கத்தா இருந்தது. எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் பணிபுரிந்த ஜான் ஸ்காட் 1862 முதல் சார்லஸ் டார்வினோடு கடிதத் தொடர்பு கொண்டவர். பிரிமுலாச் செடிகளில் ஒரே இனத்துப் பூக்கள் இரு வடிவங்களில் அமைவதையும், அவற்றைக் கலப்பதால் விதை மிகுவதையும் அவர் தம் கைப்படச் சோதித்தார். முறையான உயர்கல்வி இல்லாத அந்தத் தோட்டக்காரரின் திறமையை மதித்த டார்வின், 1864இல் அவர் இந்தியா வருவதற்குப் பயணச்செலவு தந்து உதவினார். ஹூக்ளி ஆற்றின் மறுகரையில், சிப்பூரில், 1787இல் நிறுவப்பட்ட தாவரவியல் தோட்டத்தில் ஸ்காட் பொறுப்பாளரானார். டார்வினின் பிற்கால நூல்களில் அவர் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. ஆனால் இந்தியாவில் அரசு அவரிடம் எதிர்பார்த்தது வேறு. அபினிப் பயிர்ச் சாகுபடியைச் செம்மைப்படுத்தும் ஆய்வுக்கு அவர் அமர்த்தப்பட்டார். பூவுக்கும் பூச்சிக்கும் உள்ள உறவைக் கண்டறியப் பழகிய கண், அரசின் வருவாய்ப் பயிரின்மீது திருப்பப்பட்டது. 1880இல் ஸ்காட் மறைந்தார்.

அடுத்த தலைமுறையில் அத்தோட்டத்தின் கண்காணிப்பாளரான ஜார்ஜ் கிங், அத்திப் பேரினத்தைப் பற்றிய பெருநூலை 1887–88இல் வெளியிட்டார். சில அத்தி மரங்களின் காய்களில் விதை தரும் பூக்கள் மட்டுமின்றி, குளவி முட்டையிடுவதற்கென்றே அமைந்ததுபோன்ற பூக்களும் உள்ளன என்று அவர் விரிவாகக் காட்டினார். கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரும் வாந்திபேதி ஆராய்ச்சியாளருமான டேவிட் டக்ளஸ் கன்னிங்ஹாம், அதே தோட்டத்தின் ஆய்வுத்தொகுதியில் 1889இல் ஒரு அத்தி இனத்தைப் பற்றி மட்டும் தனிக்கட்டுரை எழுதினார். உள்ளே நுழையும் நுண்குளவியின்றி அக்காய்கள் முற்றுவதில்லை என்பது அவர் கண்டது. ஒரு மரத்தின் இனப்பெருக்கம் ஒரு பூச்சியின் வாழ்வோடு இவ்வளவு இறுகப் பிணைந்திருக்கும் என்பதை உலகுக்குச் சொன்ன இடங்களுள் கல்கத்தாவும் ஒன்று.

இந்த ஆய்வுகள் எல்லாம் தோட்ட வேலிக்குள் நடந்தன. வேலிக்கு வெளியே, நதியா மாவட்டத்திலோ இருபத்துநான்கு பர்கானாக்களிலோ, உழவரின் பூசணிக்கொடிக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று எவரும் முறையாகக் கேட்கவில்லை. அத்தி தாவரவியலின் புதிர். பூசணி ஏழையின் உணவு. அறிவியலின் கவனம் எதற்குக் கிடைத்தது என்பதில் ஒரு சமூகப் படிநிலையும் இருந்தது.

பெயரிடும் பணி மட்டும் தொய்வின்றி நடந்தது. பிரித்தானிய இந்திய விலங்கின வரிசையில் சார்லஸ் தாமஸ் பிங்காம் எழுதிய குளவிகளும் தேனீக்களும் பற்றிய தொகுதி 1897இல் வந்தது. இன்றுவரை இந்தியத் தேனீ வகைப்பாட்டில் அது தொடக்கப் புள்ளி. 1916இல் இந்திய விலங்கியல் ஆய்வகம் நிறுவப்பட்டபின் ஊசிகுத்திய மாதிரிகள் மேலும் சேர்ந்தன. ஆனால் மாதிரிப் பெட்டி ஒரு இனம் ‘இருந்தது’ என்பதற்குச் சான்று. எவ்வளவு இருந்தது, எந்தப் பயிரில் உழைத்தது என்பதற்கு அது சான்றாகாது. இந்தியாவில் எழுநூறுக்கு மேற்பட்ட தேனீ இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றைப் பற்றி நம்மிடம் உள்ளவை ஒரு பெயரும், ஓர் இடமும், ஒரு தேதியும்தான்.

எண்ணப்பட்ட தேனீ ஒன்று உண்டு: பெட்டிக்குள் புகக்கூடிய தேனீ. 1850களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் அமைத்த, சட்டங்களை எடுத்து மாட்டக்கூடிய பெட்டி தேனீ வளர்ப்பை மாற்றியமைத்தது. கூட்டை அழிக்காமல் தேன் எடுக்கலாம். எடுத்த தேனை நிறுக்கலாம். 1880களின் தொடக்கத்தில் அந்த முறை வங்காளத்தில் முயலப்பட்டது. தந்தித் துறையில் பணியாற்றிய ஜான் டக்ளஸ் 1884இல் இந்தியாவுக்கான தேனீ வளர்ப்புக் கையேட்டை எழுதினார். 1915இல் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் அறிக்கை வரிசையில் சி. சி. கோஷ் எழுதிய தேனீ வளர்ப்பு நூல் வந்தது. தென்னாட்டில் அருட்தந்தை நியூட்டன் இந்தியத் தேனீயின் உடலளவுக்குப் பொருந்தும் சிறிய பெட்டியை 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடிவமைத்துப் பலருக்குப் பயிற்சியளித்தார். அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே தமிழகத்திலும் கேரளத்திலும் வழங்குகிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராமப் புனரமைப்புப் பணியில் தேனீப்பெட்டி முக்கிய இடம் பெற்றது. 1928இல் அரசு வேளாண் ஆணையம் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகப் பரிந்துரைத்தது.

இவை அனைத்தும் நன்முயற்சிகள். நிலமற்றவர்களுக்கும் சிறு உழவர்களுக்கும் வருவாய் தந்தவை. ஆயினும் இவற்றின் வழியே ஒரு பார்வை நிலைபெற்றது. ‘தேனீ’ என்றால் தேன். தேன் என்றால் எடை. எடை என்றால் வருவாய். தேன் தராத தேனீ அரசுக் கோப்பில் இடம்பெற வழியே இல்லை. மண்ணுக்குள் தனித்தனியாக வளை தோண்டி வாழும் தேனீயையும், இலையை வட்டமாக நறுக்கி மூங்கில் துளைக்குள் அறை கட்டும் தேனீயையும், காய்ந்த மரத்தைக் குடையும் தச்சுத் தேனீயையும் எந்தத் துறையும் தன்னுடையதாகக் கருதவில்லை. பூச்சியியல் துறை பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பார்த்தது. காதித் துறை தேனைப் பார்த்தது. வனத்துறை சுந்தரவனத்தில் மலைத்தேனீயின் கூட்டைத் தேடிச் செல்லும் மௌலேக்களுக்கு அனுமதிச்சீட்டு வழங்கி, அவர்கள் கொணரும் தேனைக் கணக்கிட்டது. மகரந்தம் எவருடைய கணக்கிலும் இல்லை.

1960களின் தொடக்கத்தில் இந்தப் பார்வை ஒரு படி மேலே சென்றது. முந்தைய முயற்சிகள் தோற்றிருந்த நிலையில், நக்ரோட்டாவில் ஏ. எஸ். அத்வால் முதலியோரின் உழைப்பால் ஐரோப்பியத் தேனீ இந்தியாவில் வேரூன்றியது. உள்நாட்டுத் தேனீயைவிடப் பல மடங்கு தேன் தருவதால் அது சமவெளிகளில் விரைந்து பரவியது. இன்று வங்காளத்தின் நாடோடித் தேனீ வளர்ப்போர் குளிர்காலத்தில் கடுகு வயல்களுக்கும், பின் லிச்சித் தோப்புகளுக்கும், சித்திரையில் சுந்தரவனத்து ஓரங்களுக்கும் லாரியில் பெட்டிகளை ஏற்றிச் செல்கின்றனர். அவற்றுள் வாழ்வது பெரும்பாலும் ஐரோப்பியத் தேனீயே.

ஓர் இனத்தையே நம்பி நிற்பதன் ஆபத்தை இந்திய வரலாறு ஒருமுறை கண்டிருக்கிறது. தாய்லாந்தில் 1976இல் அறியப்பட்ட பைப்புழு நச்சுயிரி 1978இல் மேகாலயத்தில் தென்பட்டது. 1991–92இல் தென்னாட்டை அடைந்தது. மார்த்தாண்டம் சுற்றுவட்டாரம் உட்பட இந்தியத் தேனீ வளர்ப்பு செழித்த பகுதிகளில் பெரும்பகுதிக் கூடுகள் அழிந்தன. எஞ்சிய கூடுகளிலிருந்து வளர்ப்போர் மீண்டும் பெருக்கினர். பெட்டித் தேனீயின் இழப்பை உடனே கண்டுகொள்ள முடிந்தது, ஏனெனில் அதற்கு உடைமையாளர் இருந்தனர். அதே ஆண்டுகளில் வரப்போரத்துத் தேனீக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

ஐரோப்பியத் தேனீப் பெட்டிகளை மிகுத்தால் குறை தீர்ந்துவிடும் என்று கருதுவோர்க்குக் கத்தரிப்பூ ஒரு விடை வைத்திருக்கிறது. அதன் மகரந்தப்பையின் நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச்செய்தால்தான் மகரந்தம் அத்துளை வழியே உதிரும். தச்சுத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் இந்த அதிர்வைச் செய்கின்றன; தேன் தரும் தேனீக்கள் செய்வதில்லை. தக்காளிக்கும் இது பொருந்தும். ஆயிரம் பெட்டிகளை வயலில் அடுக்கினாலும் இந்த வேலை அவற்றின் உடலமைப்புக்கும் பழக்கத்துக்கும் அப்பாற்பட்டது. கத்தரியும் தக்காளியும் தம் பூவுக்குள்ளேயே ஓரளவு காய்க்கும் என்பதும் உண்மை. ஆனால் அதிர்வு கிடைத்த பூவின் காய் பெரிது.

இந்தப் பின்னணியில்தான் பாலிகஞ்சின் பணியை மதிப்பிட வேண்டும். 2010இன் முடிவுக்குப் பின், பிரித்தானிய ஆய்வாளர்களோடும் டார்வின் முன்முயற்சி நிதியோடும் அங்கே மகரந்தச்சேர்க்கை ஆய்வு மையம் உருவாயிற்று. ஒடிசாவிலும் திரிபுராவிலும் களநிலையங்கள் அமைந்தன. 2015இல் அக்குழு வெளியிட்ட ஓர் ஆய்வு, பூச்சிக்கொல்லி மிகுந்த வேளாண் நிலப்பரப்பில் வாழும் உள்நாட்டுத் தேனீக்களிடம் மோப்பத் திறன் குன்றியதற்கான அறிகுறிகள் இருப்பதைக் காட்டியது. தேனீ உடனே சாவதில்லை. பூவின் மணத்தை அறியும் ஆற்றலை இழக்கிறது. பிண எண்ணிக்கையால் அளக்கமுடியாத இழப்பு இது. மருந்தடித்த வயலில் செத்த தேனீ கிடக்கவில்லை என்பதால் தீங்கில்லை என்று முடிவுகட்ட முடியாது என்பதை அது உணர்த்தியது.

அதைவிட வரலாற்றாளர்க்கு நெருக்கமானது 2017இல் வந்த மற்றோர் ஆய்வு. எண்ணிக்கைப் பதிவு இல்லாத இடத்தில் நினைவே பதிவு என்ற துணிவோடு, ஒடிசாவின் உழவர்களிடம் அவர்கள் அறிந்த பூச்சிகளைப் பற்றியும், முன்பு எவை எவ்வளவு தென்பட்டன என்பதைப் பற்றியும் ஆய்வாளர்கள் முறையாகக் கேட்டனர். உள்நாட்டுத் தேனீக்களுள் சில முன்னளவுக்கு இப்போது இல்லை என்று உழவர்கள் கூறினர். கூறியவற்றுள் சோதிக்கத்தக்கவற்றைக் கள ஆய்வோடு ஒப்பிட்டுப் பார்த்ததே அந்த ஆய்வின் சிறப்பு. வாய்மொழி வரலாற்றின் முறையும் சூழலியலின் முறையும் அங்கே கைகோத்தன. நினைவு பிழைபடும் என்பது உண்மை. ஆவணமும் பிழைபடும், எண்ணாமல் விட்ட ஆவணத்தின் பிழை பெரிது.

இந்த மரபுக்குக் கொல்கத்தாவில் ஒரு முன்னோடி உண்டு. 1921இல் போஸ் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்த கோபால் சந்திர பட்டாசார்யா, எறும்புகளையும் சிலந்திகளையும் நகரத்தின் மரத்தடிகளிலும் புதர்களிலும் மணிக்கணக்கில் நோக்கி, கண்டதை வங்காளத்திலேயே எழுதினார். 1948இல் சத்யேந்திரநாத் போஸ் முதலியோர் நிறுவிய வங்க அறிவியல் மன்றத்தின் இதழை வளர்த்தார். வங்கத்துப் பூச்சிகள் பற்றிய அவர் நூல் 1975இல் ரவீந்திர விருது பெற்றது. உயிருள்ள பூச்சியை அதன் இடத்திலேயே பார்க்கும் அந்தப் பழக்கம் மாதிரிப் பெட்டிகளால் நிரப்ப முடியாத வெற்றிடத்தை நிரப்பக்கூடியது. நிறுவனங்கள் அதைத் தம் முறையாக ஏற்றிருந்தால், 2010இல் காய்கறியின் எடையைக் கொண்டு தேனீயின் நிலையை ஊகிக்க நேர்ந்திராது.

ஊகத்தின் எல்லையையும் நேர்மையாகக் குறிக்க வேண்டும். விளைச்சல் தேங்குவதற்கு மண்வளம் குன்றல், நோய், சந்தை மாற்றம் எனப் பிற காரணங்களும் உண்டு. பட்டோல் நல்ல எடுத்துக்காட்டு. வங்காளத்து உழவர்கள் விடியலில் ஆண்பூவைப் பறித்து, பெண்பூக்களின் சூல்முடியில் ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்கின்றனர். இதைப் பார்த்தவுடன் பூச்சிகள் அழிந்தமைக்கு இதுவே சான்று என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் பட்டோல் இரவில் மலர்வது. ஆண்கொடிகளை உழவர் மிகக் குறைவாகவே நடுகின்றனர். கைச்சேர்க்கைக்கு அக்கொடியின் இயல்பிலேயே காரணம் இருக்கிறது. எனினும் அது ஒன்றை ஐயமின்றிக் காட்டுகிறது: பூச்சி செய்யாத வேலையை மனிதர் செய்தால் அதற்குக் கூலி உண்டு. பட்டோல் விலையில் அந்த விடியற்கால உழைப்பு அடங்கியிருக்கிறது. பூசணிக்கும் பாகலுக்கும் அதே நிலை வந்தால் கரியாஹாட்டின் விலைப்பட்டியல் எப்படி மாறும் என்பதைக் கணக்கிடப் பொருளியல் பட்டம் தேவையில்லை.

உலக அளவில் இக்கேள்விக்கு 2016இல் ஒரு பெரிய மதிப்பீடு வந்தது. பல்லுயிர்மம் பற்றிய பன்னாட்டு அரசுகளின் அறிவியல் அமைப்பு கோலாலம்பூரில் ஏற்ற அறிக்கை, உலகின் முதன்மை உணவுப் பயிர்வகைகளில் நான்கில் மூன்று பங்கு ஏதோ ஓரளவு விலங்குவழி மகரந்தச்சேர்க்கையை நம்புவதாகக் கூறியது. ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இருந்த அளவுக்கு ஆசியாவுக்குத் தரவு இல்லை என்பதையும் அது மறைக்கவில்லை. 2020இல் இந்திய அரசு 500 கோடி ரூபாய் மதிப்பில் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்தை அறிவித்தது. அதன் ஆவணங்களில் மகரந்தச்சேர்க்கைக்கும் இடமுண்டு. ஆயினும் பெயரில் நிற்பது தேன்தான். 1884இன் கையேட்டுக்கும் 2020இன் இயக்கத்துக்கும் இடையே அந்தச் சொல்லின் ஆட்சி குலையவில்லை.

உள்நாட்டுத் தேனீக்களுக்குத் தேவையானவற்றைப் பார்த்தால் இந்த ஆட்சியின் விலை புரியும். அவை கேட்பது பெட்டியை அன்று. உழாமல் விட்ட வரப்பு வேண்டும், ஏனெனில் மண்ணில் வாழும் தேனீயின் வளை ஏர்முனையில் அழிகிறது. பூத்து முடியாத களைகளும் வேலிப் பூக்களும் வேண்டும், ஏனெனில் கடுகு ஒரு மாதம் பூத்து ஓய்ந்தபின் எஞ்சிய மாதங்களுக்கும் உணவு தேவை. காய்ந்த மரக்கட்டையும் மூங்கில் தண்டும் வேண்டும். சுவர் இடுக்குகளில் வாழும் கொசுத்தேனீயைத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும். மருந்து தெளிப்பது தவிர்க்க முடியாதபோது, பூ மலர்ந்திருக்கும் முற்பகலைத் தவிர்த்து, தேனீக்கள் அடங்கியபின் தெளிக்க வேண்டும். மாடித் தோட்டத்தில் துளசியும் தும்பையும் பூக்க விடுவதும், தொட்டி மண்ணின் ஒரு மூலையை மூடாமல் விடுவதும் இதே வரிசையில் சேரும். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. ஆனால் எதையும் எடைபோட்டு ஆண்டறிக்கையில் காட்ட முடியாது. மானியம் பெட்டிக்குக் கிடைக்கும்; வரப்பைச் சும்மா விட்டதற்கு எவரும் மானியம் தருவதில்லை.

வங்காளக் கிராம வீடுகளைச் சூழ்ந்த மூங்கில் புதரும், குளக்கரையும், தோட்டமும் இந்தத் தேவைகளை எவரும் திட்டமிடாமலே நிறைவேற்றி வந்தன. கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில், 2002இல் ராம்சார் தகுதி பெற்ற 12,500 ஹெக்டேர் ஈரநிலமும் அதையொட்டிய தாப்பாவின் காய்கறி வயல்களும் இன்னும் ஓரளவு அப்படியே இருக்கின்றன. நகரின் கழிவுநீரில் மீனும் காயும் விளையும் அந்த நிலம் கழிவுநீர் மேலாண்மைக்காகப் புகழ்பெற்றது. அங்கே பூக்களுக்கு வரும் தேனீக்களும் ஓர் ஆண்டுத் தொடர்பதிவுக்கு உரியவை. கட்டுமானத்தின் அழுத்தம் அதன் விளிம்புகளை நெருக்கும் காலத்தில் அப்பதிவின் அவசரம் கூடுகிறது.

தமிழகத்து ஆய்வு மாணவர்க்கும் இவ்வரலாறு அயலானதன்று. நியூட்டன் பெட்டியும் மார்த்தாண்டமும் நம்முடையவை. அவற்றோடு வந்த தேன் கணக்கும் நம்முடையது. ஒரு கல்லூரித் தாவரவியல் துறை, தன் வளாகத்துக் கத்தரிப் பாத்தியில், ஆண்டுதோறும் அதே வாரத்தில், அதே நேரத்தில், பூக்களுக்கு வரும் பூச்சிகளை எண்ணிக் குறித்து வைத்தால், இருபது ஆண்டுகளில் அது நாட்டிலேயே அரிய ஆவணமாகும். அதற்கு வேண்டியவை ஒரு கடிகாரமும், ஒரு குறிப்பேடும், இனங்களைப் பிரித்தறியப் பழகிய கண்களும், மாணவர்கள் மாறினாலும் பதிவு அறுபடாமல் காக்கும் ஒரு துறையும். ஜான் ஸ்காட்டிடம் இவற்றுள் முதல் மூன்றும் இருந்தன. நான்காவது இல்லாததால், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் பூசணியின் எடையைக் கொண்டே தேனீயின் நிலையை ஊகிக்க வேண்டியிருக்கிறது.